ஊதா வெளுத்த சம்பந்தம்

ஒரு குடும்பத்தின் மேன்மை அதன் வாசல் முருங்கை இலையில் தெரிந்துவிடும் என்று அறிவியல் ஐயந்திரிபற நிறுவிவிட்ட காலம் அது. ஆகவே பெண் பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தை விட்டுவிட்டு, வாசல் முருங்கையில் ஓர் இணுக்கைக் கிள்ளிக் கருவிக்குள் போட்டார்கள். இலையில் ஆன்டி-ஆக்சிடன்ட் கூடுதலாக இருந்தால் கருவியின் ஊதா நீர் சட்டென்று வெளுக்கும். வெளுத்தால் நல்ல குடும்பம்.

மகளுக்கு வரன் தேடிக்கொண்டிருந்த அங்கயற்கண்ணிக்கு வயிறு எரிந்தது. அடுத்த வீட்டு ஓரகத்தி தமயந்தியின் முருங்கை, அவள் மகளுக்கு டாக்டர் மாப்பிள்ளையையே கொண்டுவந்துவிட்டது. இவள் மரத்துக்கு ஊதா அசையவே இல்லை. வந்த வரன்கள் காபியைக்கூடத் தொடாமல் எழுந்துபோனார்கள்.

"மரத்துக்கும் மனசு குளிரணும்ல அக்கா? நீங்க அதையும் வைஞ்சுக்கிட்டே இருந்தா?" என்று தமயந்தி மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

எலுமிச்சை பட்டால் ஊதா ஓடிவிடும் என்று அங்கயற்கண்ணி கேள்விப்பட்டிருந்தாள். அடுத்த வரன் வந்த அன்று, கைக்கெட்டும் கிளைகளில் எல்லாம் தடவிவைத்தாள்.

ஊதா பளிச்சென்று வெளுத்தது.

"ஆத்தாடி! இப்படி ஒரு இலைய நான் பார்த்ததே இல்ல மதினி!" என்று மாப்பிள்ளையின் தாய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். வேடிக்கை பார்க்க வந்த தமயந்தியின் முகம் சுண்டிப்போனதை அங்கயற்கண்ணி கண்குளிரப் பார்த்தாள்.

கருவி அத்தோடு நிற்கவில்லை. இலையில் கண்ட பொருள்களை உரக்க வாசித்தது: குவெர்செட்டின், வைட்டமின் சி, நல்லெண்ணெய், மிளகாய்த்தூள், பெருங்காயம்.

அன்றைக்கு வீட்டில் எலுமிச்சம்பழம் இல்லை. ஊறுகாய்தான் இருந்தது.