அச்சு அசல்

மேக்கப் நாற்காலியில் உட்கார்ந்தவள் முகத்தை நிமிர்த்திக் காட்டினாள். கார்ட்டூனில் வரும் கறுப்பு இளவரசியின் கதையைச் சினிமாவாக எடுக்கிறார்கள். நேற்று நடிகர் தேர்வுக்கு வந்த அத்தனை பேரில் இவளை மட்டும்தான் திரும்பக் கூப்பிட்டிருந்தார்கள்.

“அசையாதம்மா,” என்ற மேக்கப்காரர், ஒரு கலவையை அவள் கன்னத்தில் தொட்டு வைத்தார். துடைத்தார். இன்னும் கொஞ்சம் பழுப்பு சேர்த்து மறுபடி தொட்டார்.

“என் நிறத்தையே எனக்கு எதுக்குண்ணே பூசறீங்க?”

“கேமராவுக்கும்மா.” அவர் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

“வசனமெல்லாம் மனப்பாடம். ஒரு தடவை சொல்லிக் காட்டட்டுமா?”

“வாயை அசைக்காதம்மா, கலர் தப்பிடும்.”

டைரக்டர் எட்டிப் பார்த்தார்.

“கிடைச்சுதா?”

“அச்சு அசல் சார். பூசின இடமே தெரியல.”

“அப்பாடா! இதேதான் வேணும்.”

அவளுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அம்மாவுக்குச் சொல்ல ஃபோனை எடுத்தாள்.

“கொஞ்சம் எழுந்துக்கம்மா,” என்றார் மேக்கப்காரர்.

எழுந்தாள். வெள்ளைவெளேரென்று கதாநாயகி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மூடி முகத்தை நீட்டினாள். கலவைக் கிண்ணம் அந்த முகத்துக்குப் போனது.

“நீ போயிடாதம்மா,” என்றார் மேக்கப்காரர், தரையைப் பார்த்துக்கொண்டு. “பக்கத்துலயே நில்லு. கலர் ஒப்பிட்டுப் பாக்கணும்.”