வாசலில் கழற்றிய செருப்பு

"பாஸ்வேர்டைச் சொல்லிட்டுல்லா சாகணும், சவம்!" என்று, கம்ப்யூட்டரைத் திறந்துகொடுக்க வந்த என்னிடம் கத்தினார் மேனேஜர் குமரகுருபரன். போன வாரம் குறுக்குத்துறை ஆற்றில் மூழ்கிப்போன டைப்பிஸ்ட் சித்ரலேகாவைத்தான் சொன்னார். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாதென்று அந்த அறைக்குள் யாரும் செருப்போடு வரக்கூடாது. ஒருநாள் மறந்து போட்டு வந்துவிட்ட அவளுடைய செருப்பைத் தெருவில் விட்டெறிந்தவர் அவர்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. "செத்தவளையாவது விடும் வே!" என்றேன்.

மறுபடியும் சுவிட்சைப் போட்டேன். நான் விசைப்பலகையைத் தொடுமுன்பே பாஸ்வேர்டு கட்டத்தில் நட்சத்திரக்குறிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கம்ப்யூட்டர் திறந்துகொண்டது.

"பாஸ்வேர்டைத் தெரிஞ்சு வச்சுக்கிட்டேதான் இம்புட்டு நேரம் இழுத்தீரா?" என்று அதற்கும் கத்தினார்.

வெளியே வந்தேன். வாசலில் எங்கள் செருப்புகளுக்குப் பக்கத்தில், தண்ணீரில் ஊறிப்போன ஒரு ஜோடிப் பெண் செருப்பு, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது.