துவைக்கக் கூடாத கோட்டு

"இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டுதான் உள்ள போகணும். துவைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

குதிரைக்காரர் நீட்டிய கோட்டை அவள் இரண்டு விரலால் வாங்கினாள். வியர்வையும் வைக்கோலும் சாணமுமாக மூக்கைத் துளைத்தது. ஊர்த் துணியை எல்லாம் வெளுத்துக் கொடுக்கிற சலவைக்கடைக்காரியிடம் சொல்கிற பேச்சா இது?

ஆனால் மரத்தடுப்புக்கு மேலே ஒரு பழுப்பு முகம் எட்டிப் பார்த்தது. நெற்றியில் வெள்ளையாய் ஒரு பொட்டு. மறுபேச்சில்லாமல் கையை நுழைத்துவிட்டாள்.

எட்டு வயதில் பிடித்த குதிரை ஆசை, முப்பத்தெட்டிலும் விடவில்லை. இஸ்திரிப் பெட்டியிலிருந்து ஆவி எழும்பினால் அவளுக்கு அது குதிரையின் மூச்சு. விரித்த படுக்கை விரிப்பெல்லாம் பனி மூடிய மைதானம். அதன்மேல் அவள் பாட்டுக்குக் குதிரையில் போய்க்கொண்டே இருப்பாள். வாடிக்கைக்காரர் விரிப்பு இரண்டு கருகியது அப்படித்தான்.

"எப்போய்யா கூட்டிட்டுப் போகலாம்?"

"பதினஞ்சு நாள் காலையில வந்து தண்ணி காட்டு. உடம்பைத் தேய்ச்சு விடு. கொட்டிலைக் கூட்டு. அப்புறம் பார்க்கலாம்."

"நீங்க கூட இருப்பீங்கல்ல?"

"நான் எதுக்கு? முட்டி வலி எனக்கு."

வீட்டுக்குள் போனவர் ஜன்னலையும் சாத்திக்கொண்டார். முட்டி தேய்ந்துபோய், மகள் வீட்டு மூன்றாவது மாடிக்குக் குடிபோகப் போகிறவர். அதனால்தான் குதிரையை விற்கிறார்.

கடையில் கணவன் சிரித்தான். "குதிரை வாங்கப் போனியா, கொட்டில் கூட்டப் போனியா? சம்பளமில்லாம ஆள் கிடைச்சா எவன்தான் விடுவான்?"

"போங்க. உங்களுக்குப் பொறாமை."

"பின்னே? எனக்கும் நாலு கால் இருந்திருந்தா தினம் தேய்ச்சு விட்டிருப்பே!"

பத்தாவது நாள் குதிரை அவள் தோளில் தாடையை வைத்துக் கண்ணை மூடியது. அவளும் மூடிக்கொண்டாள். எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளுக்கே தெரியாது. அன்று கடையை ஒரு மணி நேரம் தாமதமாகத்தான் திறந்தாள்.

பன்னிரண்டாவது நாள் கை சும்மா இருக்கவில்லை. 'என் குதிரையைப் பார்க்க இந்த அழுக்கோடவா போறது?' கோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து ஊறவைத்து, இரண்டு தடவை அலசி, மடிப்புக் கலையாமல் இஸ்திரி போட்டாள்.

மறுநாள் காலை மொடமொடப்பாக அதைப் போட்டுக்கொண்டு போனாள். குதிரை ஒருமுறை முகர்ந்தது. காதுகளைப் பின்னால் மடித்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டது. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பதறிப்போய்க் கதவைத் தட்டினாள். குதிரைக்காரர் கோட்டைப் பார்த்ததும் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன காரியம்மா பண்ணி வச்சிருக்கே! கழட்டு அதை. மூணு நாள் கழிச்சு வா. மறுபடி முதல்லேர்ந்து பதினஞ்சு நாள்."

"ஒரு கோட்டைத் துவைச்சதுக்கா இவ்வளவு தண்டனை?"

கதவு சாத்திக்கொண்டது.

மூன்று நாள் கழித்து குதிரைக்காரரின் மகள்தான் கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தாள். மாடு மென்று துப்பியது மாதிரி கசங்கிக் கிடந்தது. பழைய நாற்றமும் திரும்பியிருந்தது. 'என் இஸ்திரி மேல அந்த மனுஷனுக்கு என்னதான் கோபமோ!' பல்லைக் கடித்துக்கொண்டு பதினைந்து நாளும் கூட்டினாள், தேய்த்தாள், தண்ணீர் காட்டினாள். குதிரை மறுபடியும் தோளுக்கு வந்தது.

கடைசி நாள். கயிறு அவள் கையில். பின்னால் குளம்புச் சத்தம். தரையில் கால் பாவுகிறதா என்றே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

வெளிவாசலில் குதிரை நின்றுவிட்டது. வீட்டைத் திரும்பிப் பார்த்தது. இழுத்தாலும் நகரவில்லை.

"ஐயா! ஒரு தடவை வெளிய வந்து தட்டிக் குடுங்கய்யா!"

ஜன்னல் திறக்கவில்லை.

வழியனுப்ப வந்த மகளிடம் பொரிந்து தள்ளினாள். "வளர்த்த பாசம் ஒரு பொட்டாவது இருக்கா பாரு உங்கப்பாவுக்கு! ஒரு மாசமா இந்த வாயில்லாப் பிராணியை எட்டிக்கூடப் பார்க்கலியே!"

மகள் சாத்தியிருந்த ஜன்னலை ஒருமுறை பார்த்தாள்.

குதிரை கோட்டுக் கையில் மூக்கைப் புதைத்தது. நீளமாக ஒரு மூச்சு விட்டது. அப்புறம், மெல்ல, அவள் பின்னால் ஒரு அடி எடுத்து வைத்தது. இன்னொரு அடி.

முப்பது வருஷத்து ஆவி இப்போது அவள் கழுத்தோரம் வெதுவெதுப்பாக வந்துகொண்டிருந்தது. அந்தச் சந்தோஷத்தில் கோபம்கூட மறந்துபோனது.

"இந்தாம்மா, உங்கப்பா கோட்டு. இனிமே எனக்கெதுக்கு?" என்று பொத்தானில் கை வைத்தாள்.

மகள் ஓடிவந்து தடுத்தாள். "கழட்டாதீங்கக்கா! அப்பா வாசம் இல்லேன்னா அது யாரு பின்னாடியும் போகாது. தான் பக்கத்துல வந்தா உங்ககிட்ட ஒட்டாதுன்னுதான் ஒரு மாசமா ஜன்னலைச் சாத்திக்கிட்டு உள்ளேயே கிடக்கிறார்."

அவள் கை பொத்தானிலேயே நின்றது. "அப்போ... நான் துவைச்சுட்டேனே, அந்த மூணு நாள்?"

"மூணு நாளும் அடுப்புப் பக்கத்துல, வேர்க்க வேர்க்க, இந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டேதான்க்கா உட்கார்ந்திருந்தார்."