கண்ணாடி டப்பா

"துடைப்பத்தையே தொடாத மனுஷன், தினமும் பெட்ரூமைக் கூட்டுறாரு. நல்ல கூத்துதான்" என்று சீண்டினாள் மனைவி. குளிருகிறதென்று நேற்றிலிருந்தே தலையில் துண்டு கட்டியிருந்தாள்.

"புது மிஷினாச்சேடி, ஆசை விடுமா?" என்றார் கணவர்.

பை இல்லாத வேக்குவம் கிளீனர் அது. இழுத்த குப்பையெல்லாம் கண்ணாடி டப்பாவில் அப்படியே தெரியும். அதுதான் சங்கடம். அவள் கண்ணில் படுமுன் தினமும் வெளியே கொட்டிவிட்டு வருவார்.

இன்று டப்பாவில் வெறும் தூசிதான். அவர் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. முதல்முறையாக அதை அவளிடமே நீட்டினார்.

"பாருடி, ஒரு முடிகூட இல்ல. கொட்டுறது நின்னுடுச்சு. இனி தேறிடுவ."

அவள் துண்டை மெல்ல அவிழ்த்தாள். மொட்டைத் தலை.

"நேத்து நீங்க மருந்து வாங்கப் போனப்ப என் தங்கச்சி வந்து மழிச்சு விட்டா. தினமும் நீங்க ஒளிச்சு ஒளிச்சுக் கொட்டுறதைப் பார்க்க முடியல."