கவிழ்த்த டம்ளர்

அச்சங்குளத்துப் பட்டாசுக் கம்பெனியில் முத்துக்கருப்பன் மருந்து கலக்குகிறவன். வெடியுப்பு போட்டு முடித்த கிண்ணத்தை அங்கே உடனே கவிழ்த்துவிடுவான். மறதியில் யாரும் மறுபடி போட்டுவிடக் கூடாதே, கண்ணுகளா!

அந்த வழக்கத்தையே வீட்டுக்கும் கொண்டுவந்தான். மனைவி அய்யம்மாளுக்கு நெஞ்சு தாறுமாறாகத் துடிக்கிற வியாதி. காலையில் ஒரு மாத்திரை. விட்டாலும் ஆபத்து, இரண்டாகப் போட்டாலும் ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார். விழுங்கியதும் அவள் டம்ளரைக் கவிழ்த்து வைப்பாள்.

அன்று அவள் பாயைவிட்டு எழுந்து வந்தபோதே டம்ளர் கவிழ்ந்திருந்தது. விளிம்பில் ஈரம் காயவில்லை.

"ஏங்க, இதை யாரு கவுத்தது? நான் இன்னும் மாத்திரையே போடலையே."

"நல்லாருக்கே! இப்பத்தான என் கண்ணு முன்னால முழுங்கிட்டு, சிரிச்சிட்டுப் புறவாசலுக்குப் போன?"

"நான் இப்பத்தாங்க எந்திரிச்சே வாரேன்."

"ஏ புள்ள, விளையாடாத. ரெண்டாவது போட்டா உசுருக்கு ஆகாது." மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.

அவன் கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்தாள். உள்ளே பிடிபட்ட கோழிபோல அடித்துக்கொண்டது.

"பாருங்க, எப்படி அடிக்கிதுன்னு."

"எல்லாம் பயந்தான்." கையை உருவிக்கொண்டான்.

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவன், அவள் சொல்லைவிட டம்ளரை நம்பினான்.

அடுப்படியிலிருந்து இரண்டு டம்ளரில் கடுங்காப்பி எடுத்து வந்தான். அவள் கை நீட்டினாள். அவளைத் தாண்டிப் புறவாசலுக்குப் போனான்.

"சுடும், பாத்துக் குடி அய்யம்மா," என்று அங்கே அவன் பிரியமாகச் சொல்வது இவளுக்குக் கேட்டது.

திரும்பி வந்தபோது அவன் கையில் ஒரு டம்ளர்தான் இருந்தது.