கண்ணாடி போட மாட்டேன்

"படம் வரையச் சொன்னா, சுவத்துக்குப் பூச்சு வேலை பண்ணி வெச்சிருக்கீங்களேம்மா!"

செயலாளர் முகத்தைச் சுளித்தார். நூறு வருடத்துக்கு முன்பு தர்மத்துக்கென்று கட்டிய இல்லம், ஓவியரின் பலகையில் மேடும் பள்ளமுமாகப் புடைத்து நின்றது. ஒவ்வொரு தூணும் விரல் கனம்.

"கலர் வேற ஒரே சாம்பல். நூற்றாண்டு விழாவுக்கு விருந்தாளி பத்து மணிக்கு வர்றாரு. இதையா திரை விலக்கச் சொல்றது?"

"கலருக்கு மெனக்கெடலை சார். படிக்கட்டுக்கே மூணு நாள் ஆச்சு."

அந்த அம்மாள் சொன்னதில் பொய்யில்லை. ஒரு மாதம் இல்லத்துப் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டுத்தான் வரைந்தார். படி பதினொன்று, ஏழாவது படி ஓரம் உடைந்தது, மூன்றாவது தூணில் விரிசல் என்று அவர்கள் போட்டி போட்டுக்கொண்டு சொன்னார்கள். வாசல் கதவு என்ன நிறம் என்று கேட்டபோது மட்டும் ஒரு வாண்டும் வாய் திறக்கவில்லை.

ஆசாரி ஒரு கையில் கண்ணாடியும் இன்னொரு கையில் சுத்தியலுமாக வந்து நின்றார். "ஆணி எங்க சார் அடிக்கட்டும்?"

செயலாளர் விட்டத்தை ஒட்டிய சுவரைக் காட்டினார். அங்கே நிறுவனர் முதல் போன வருடத் தலைவர் வரை ஒன்பது பேர், கண்ணாடிக்குள்ளிருந்து கூடத்தை மேற்பார்வை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாந்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும்.

"அங்க வேணாம். கண்ணாடியும் வேணாம்" என்றார் ஓவியர்.

"உங்களை யாரு கேட்டா? கண்ணாடி போட்டு மேல மாட்டலைன்னா, இந்தப் படம் இங்க தொங்காது. பழைய போட்டோவைப் பெரிசு பண்ணி ரெடியா வெச்சிருக்கேன்."

ஓவியருக்குச் சுர்ரென்று ஏறியது. ஒரு மாத உழைப்பு போனால் போகட்டும், எட்டுகிற உயரத்தில் மாட்டுவேன் என்று பிள்ளைகளுக்குக் கொடுத்த வாக்கு போகலாமா? ஆசாரியின் கையிலிருந்த சுத்தியலை வாங்கினார். தம் இடுப்பு உயரத்தில் சுவரில் ஆணியை வைத்து, நாலே போடு போட்டு இறக்கினார்.

"ஏம்மா, இது என்ன அடாவடி?"

"அடாவடிதான் சார். கழட்டணும்னா, விருந்தாளி முன்னாடி நீங்களே கழட்டுங்க. ஏன் கழட்டினாங்கன்னு நான் மைக்ல சொல்றேன்."

ஆசாரி சத்தம் காட்டாமல் கண்ணாடியை மூலையில் சாய்த்துவிட்டு, படத்தைத் தூக்கி மாட்ட ஒரு கை கொடுத்தார். செயலாளர் கடிகாரத்தைப் பார்த்தார். பத்தாக இன்னும் ஐந்து நிமிடம்.

"இவ்வளவு கீழ மாட்டினா எந்தப் பெரிய மனுஷன் குனிஞ்சு பாப்பான்? போற வர்ற பசங்க எல்லாம் கை வெச்சுத் தடவுங்க!"

"தடவட்டும் சார். கண்ணு தெரியாத பிள்ளைங்க வேற எப்படிப் பாக்கும்?"