பண்ணையார் விக்கலைத் திருடியவர்கள்

"என் மரத்துல குச்சி திருடினது யாரு? மரியாதையா எழுந்து நில்லுங்க!"

டென்சில் பஃப்டன் போட்ட சத்தத்தில் ஊர்க்கூடத்தில் இருந்த அத்தனை டீக் கோப்பைகளும் பாதி வழியில் நின்றன.

இங்கிலாந்தின் ஹெர்ஃபோர்ட்ஷயரில் ஜனவரி கடைசி சனிக்கிழமை என்றால் குச்சிச் சந்தை. பேரிக்காய்க் கள்ளுக்கென்றே வளர்க்கிற மரங்களின் ஒட்டுக்குச்சிகளை ஈரப் பேப்பரில் சுற்றி எடுத்துவந்து மாற்றிக்கொள்வார்கள். காசு பேச்சே கிடையாது. குச்சிக்குக் குச்சி.

டென்சில் மட்டும் முப்பது வருஷமாக ஒருத்தருக்கும் ஒரு குச்சி கொடுத்ததில்லை. அவர் தோட்டத்தில் நின்றது 'பண்ணையார் விக்கல்'. அந்த ரகத்தில் உலகத்திலேயே ஒரே மரம். அதன் கள்ளைக் குடித்தால் அரை நாளைக்கு விக்கல் நிற்காது. விக்கிக்கொண்டே இன்னொரு கிளாஸ் கேட்பார்கள், அதுதான் அதன் மகிமை.

பாதிரியார் குவின்ட்டன் ஒரு தடவை, ஒரு குச்சிக்குப் பதிலாகக் கல்லறைத் தோட்டத்தில் நல்ல நிழலாக ஓர் இடம் தருவதாகப் பேரம் பேசிப் பார்த்தார்.

"செத்தவனுக்கு நிழல் எதுக்கு ஃபாதர்?" என்று டென்சில் அனுப்பிவிட்டார்.

முள்வேலி போட்டார். ஆளைக் கண்டால் ஓடிவந்து கொத்துகிற வாத்து ஒன்றைக் காவலுக்கு வளர்த்தார். வேலிப் பக்கம் நின்று தும்மினவர் மேல்கூடப் போலீஸில் புகார் கொடுத்தார்.

போன ஆகஸ்டில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பினால், மரத்தைக் காணோம். காற்றில் சாய்ந்துவிட்டதாம். மாமாவுக்கு ஒத்தாசை பண்ணுவதாக நினைத்து, அக்கா மகன் அதை ஓர் இலை மிச்சமில்லாமல் விறகாக்கி அழகாக அடுக்கி வைத்திருந்தான்.

"என்ன, எல்லாரும் வாயில கேக்கை அடைச்சு வச்சிருக்கீங்களா? கேக்கறேன்ல!"

ஓய்வு பெற்ற போலீஸ்காரர் பிரீஸ் மெல்ல எழுந்தார். "டென்சில் அண்ணே, இங்க எல்லாரும் யோக்கியமானவங்க. உங்க மரத்தை ஒருத்தரும் தொட்டதில்லை."

"ஒருத்தர்கூடவா?" டென்சிலின் குரல் உடைந்தது. "அப்ப நான் எதுக்குய்யா வேலி போட்டேன்? திருடக்கூட லாயக்கில்லாத மரமாய்யா அது?"

பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார்.

"நான் திட்ட மாட்டேன். சத்தியமா திட்ட மாட்டேன். ஒரே ஒரு குச்சி இருந்தா ஒட்டுக் கட்டிப் பிழைக்க வச்சிடுவேன். இவ்வளவு பெரிய ஊர்ல ஒரு திருடனுக்குக்கூடவா நான் கொடுத்து வைக்கலை?"

கண்ணைத் துடைத்துக்கொண்டார். பார்க்கவே சகிக்கவில்லை.

பாதிரியார் தொண்டையைச் செருமினார்.

"தொண்ணூற்றெட்டுல... கிறிஸ்துமஸ் முடிஞ்ச புதன்கிழமை. நாலு குச்சி."

"ஃபாதர்! நீங்களா?"

"கடவுள்கிட்ட அன்னிக்கே சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டேன். உங்ககிட்ட சொல்லத்தான் பயம். நான் வருஷா வருஷம் கொண்டாறேனே 'கல்லறை அழகி', அதுதான் இது."

வருஷா வருஷம் சந்தையில் பாதிரியாரின் குச்சி மேஜையைத் தாண்டும்போதெல்லாம், "அடுப்பெரிக்கத்தான் ஆகும்" என்று மூக்கைச் சுளித்தவர் டென்சில்.

அடுத்து பிரீஸ் தொப்பியைக் கழற்றினார். "என் 'கான்ஸ்டபிள் கன்னம்'கூட அதுதாண்ணே."

"யோவ்! நான் புகார் கொடுத்ததே உன்கிட்டதானேய்யா!"

"விசாரிக்க வந்தப்பதாண்ணே ரெண்டு குச்சி எடுத்தேன்."

அவ்வளவுதான். தபால்காரம்மா எழுந்தாள். மாட்டு டாக்டர் எழுந்தார். பதினாலு பேர், பதினாலு கள்ளப் பெயர்கள். டென்சில் மடியில் குச்சிக் கட்டுகள் வந்து விழுந்துகொண்டே இருந்தன.

"இத்தனை பேரா? அந்த வாத்து என்னதான் பண்ணிக்கிட்டிருந்துச்சு?"

கூடமே டீ ஊற்றிக்கொண்டிருந்த அவர் மனைவி மேவிஸைப் பார்த்தது.

"புதன்கிழமை நீங்க மாட்டுச் சந்தைக்குப் போயிடுவீங்க. பாவம், அது மட்டும் குளிர்ல நிக்கணுமா? சமையலறையில படுத்திருக்கும்."

"அவ்வளவு உசரத்துக்கு எப்படி ஏறினாங்க? ஏணி ஏது?"

"அது எப்படியோ வந்து சாஞ்சுக்கும்" என்றாள் மேவிஸ், சர்க்கரையைக் கலக்கியபடி.

டென்சில் கட்டுகளை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டார்.

அப்போது சுவரோரம் வெறுங்கையோடு நின்ற டாம்சின் முன்னால் வந்தாள். போன வருஷம்தான் இந்த ஊருக்குக் குடிவந்தவள்.

"ஐயா, எனக்கும் ஒரு குச்சி கொடுப்பீங்களா? பதிலுக்குத் தர என்கிட்ட எதுவும் இல்லை."

எல்லாரும் டென்சில் பக்கம் திரும்பினார்கள்.

"கொடுக்கறதா?" டென்சில் முறைத்தார். "பஃப்டன் குடும்பத்துல அந்தப் பழக்கமே கிடையாது!"

மேவிஸ் டீப் பாத்திரத்தை டங்கென்று வைத்தாள். சே, இந்த மனுஷன் திருந்தவே மாட்டார் என்று பாதிரியார்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டென்சில் கட்டுகளை அந்தப் பெண் பக்கத்தில் இருந்த பெஞ்சில் வைத்தார். நாற்காலியைச் சுவர் பக்கமாகத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். டீயை எடுத்து மெதுவாக உறிஞ்சினார்.

ஒரு நிமிஷம் போனது. முதுகுக்குப் பின்னால் சத்தமே இல்லை.

திரும்பிப் பார்க்காமலே கத்தினார்:

"எவ்வளவு நேரம்மா நான் இந்தச் சுவரையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கறது? சட்டுபுட்டுனு திருடித் தொலை!"